கருவி குற்றமற்றதா?

கடந்த தவணையின் இறுதி வாரத்தில் எமது உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் விலைப்பட்டியல் நூலொன்றைக் கொணர்ந்து எமது மேசைமீது வைத்தார். அவருடைய தாய்மாமன் பல்லாண்டுகளாக ஐக்கிய அமெரிக்காவில் வாழ்பவர். ஓய்வு நாள்களில் குறிசுடும் களத்துக்குச் செல்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். விடுமுறைக்கு ஊர் வந்தவர் விட்டுச்சென்ற நூல் அது. தொலைநோக்குக் கண்ணாடிகள், செவிக்காப்புகள், குழலைத் துடைக்கும் கோல்கள், எண்ணெய்ப் புட்டிகள், தோள்வார்கள், தோட்டாப் பைகள், ஒலியடக்கிகள், மகசீன்கள் எனப் பக்கத்துக்குப் பக்கம் பொருள்கள் வண்ணத்தில் அணிவகுத்திருந்தன.

“சேர், இதிலே ஒரு துவக்குத்தானும் இல்லை. எல்லாம் சாமான்கள்தான். மாமா ஒருவரையும் ஒருநாளும் சுட்டதில்லை. அவர் இதுகளை வாங்குவதிலே என்ன பிழை?” என்று அம்மாணவர் வினவினார்.

பின்வாங்கிலிருந்து இன்னொருவர் துணைக்கு வந்தார்: “கத்தி காய் வெட்டவும் உதவும், கழுத்தை வெட்டவும் உதவும். பிழை கையிலேயல்லாமல் கத்தியிலே இல்லையே, சேர்.”

வகுப்பு முழுவதும் அதனை ஏற்றுக்கொண்டது. மணியும் அடித்துவிட்டது. எம்மால் அன்று தக்க விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடும் முயற்சியேயாகும்.

இவ்வினா எமக்கு வெறும் ஏட்டு வினா அன்று. 2009 இல் போர் முடிவுற்றபோது நாம் பள்ளிப் பருவத்தைக் கடந்துகொண்டிருந்தவர்கள். எந்தத் துவக்கின் ஓசை எது என்பதைத் தொலைவிலிருந்தே பிரித்தறியக் கற்றுக்கொண்டு எழுத்தும் கற்ற தலைமுறையினர். இன்று எம்முன் அமர்ந்திருக்கும் மாணவர்க்கு அவ்வோசை நினைவில் இல்லை. அதனால் நாம் மகிழ்கிறோம். ஆயின் அவர்களுக்குத் துவக்கு என்பது ஒரு படமாக, வழவழப்பான தாளில் அச்சிட்ட பண்டமாக மட்டும் வந்து சேர்கின்றது. அப்படம் மறைப்பது யாதென எடுத்துக்கூறுவது எமது கடமை என உணர்கிறோம்.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தை ஒப்புக்கொள்வோம். குறிசுடுதல் ஒரு விளையாட்டு. 1896 இல் ஏதென்சில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே அது இடம்பெற்றது. மூச்சை அடக்கி, நாடித்துடிப்புகளுக்கு இடைப்பட்ட கணத்தில் விசையை அழுத்தும் அப்பயிற்சியில் மனவொருமை உண்டு. துப்பாக்கி வெடிக்கும்போது எழும் ஓசை பெரும்பாலும் 140 டெசிபலை விஞ்சும். ஒரே வெடியேனும் செவிப்புலனுக்கு நிலையான ஊறு விளைக்கலாம். ஆகவே செவிக்காப்பை விற்பவனையும் வாங்குபவனையும் கொலைக்குத் துணைபோனவர் என நாம் கூறுவோமாயின் அது அறிவீனம். இரவிலே பன்றி புகுந்து மரவள்ளியைக் கிளறி எறிந்துவிட்டுப் போகும் தோட்டத்தின் உடைமையாளன், அனுமதிப் பத்திரத்துடன் வைத்திருக்கும் துவக்குக்கு எண்ணெய் பூசுவதையும் நாம் பழிக்கப்போவதில்லை.

ஆனால் இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் கத்தி உவமை பாதி உண்மையாகவே எஞ்சுகிறது. கருவி தானாகக் காட்டில் விளைவதன்று. மனிதனின் உழைப்பால் ஆவது. தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிட்ட கார்ல் மார்க்ஸ், மனிதன் ஒன்றைக் கையால் ஆக்குமுன் கருத்தில் ஆக்கிக்கொள்கிறான் என்பதை 1867 இல் வெளியான ‘மூலதனம்’ முதற் பாகத்தில் எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின் ஒவ்வொரு கருவியின் வடிவத்திலும் அதனை ஆக்கியவனின் நோக்கம் படிந்திருக்கிறது. அரிவாளின் வளைவு கதிரின் தண்டுக்காக அமைந்தது. அதனைக் கொண்டு மனிதனையும் வெட்டலாம், ஆயினும் அதற்காக அது வளையவில்லை. ஒரு கருவி பல நோக்கங்களுக்கு உதவலாம். எல்லா நோக்கங்களுக்கும் சமமாக உதவுவதில்லை. எனவே நாம் கேட்க வேண்டிய வினா “இதனைத் தீமைக்குப் பயன்படுத்த முடியுமா?” என்பதன்று, அவ்வினாவுக்கு உலகிலுள்ள எல்லாப் பொருளும் ‘ஆம்’ என்றே விடை தரும். “இது எச்செயலை எளிதாக்குவதற்கென ஆக்கப்பட்டது? அவ்வெளிமையின் விலையைச் செலுத்துபவர் யார்?” என்பனவே வினாக்கள்.

ஒலியடக்கியை எடுத்துக்கொள்வோம். 1884 இல் ஹைரம் மாக்சிம் தானியங்கி இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கினார். அத்துப்பாக்கியின் துணையுடன் பிரித்தானியப் படை 1898 இல் சூடானின் ஒம்டுர்மான் களத்திலே ஒரே காலைப் பொழுதில் பதினாயிரம் பேரளவில் கொன்று குவித்தது. தன் தரப்பில் இழந்தவரோ ஐம்பதின்மருக்கும் குறைவு. தாம் ஆக்கிய பொறியின் ஓசையாலேயே அவருடைய செவிப்புலன் மங்கிற்று. அவர் மைந்தர் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909 இல் துப்பாக்கிக்கான ஒலியடக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அயலாருக்கு இடையூறின்றிக் கனவான்கள் சுட்டுப் பழகுவதற்கு அது உகந்தது என விளம்பரம் செய்யப்பட்டது. 1934 இல் அமெரிக்க மத்திய அரசு இயந்திரத் துப்பாக்கியுடன் ஒலியடக்கியையும் பதிவுக்கு உட்படுத்தி, 200 டொலர் வரியும் விதித்தது. அக்காலத் தொழிலாளி ஒருவரின் பல வாரக் கூலி அது. 2025 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று 2026 ஜனவரி முதல் ஒலியடக்கிக்குரிய அவ்வரியைப் பூச்சியமாக்கியது. செவியைக் காப்பதே நோக்கம் என்பது ஆதரவாளரின் வாதம். அது பொய்யன்று, ஒலியடக்கி ஓசையைக் குறைக்கும், எனினும் திரைப்படத்திற் காட்டுவதுபோல முற்றாக விழுங்கிவிடாது. ஆனால் சுடுபவனின் செவியைக் காக்கும் அதே குறைவு, சுடப்படுபவர்க்கு ‘ஓடு’ என்று எச்சரிக்கும் ஓசையையும் குறைக்கின்றது. செவிக்காப்போ அணிந்தவனின் காதை மட்டுமே மூடுகின்றது. ஒரே தேவைக்கு இரு விடைகள் இருக்கையில், பிறர்மீது சுமையேற்றாத விடையைத் தேர்வதே அறத்தின் பாற்படும்.

மகசீன் எனப்படும் தோட்டாக்கூடு இன்னும் தெளிவான சான்று. 2011 ஜனவரி 8 ஆந் திகதி அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் மக்கள் பிரதிநிதி ஒருவரின் கூட்டத்திற் புகுந்தவன் 33 தோட்டாக்கள் கொண்ட கூட்டைப் பயன்படுத்தினான். அறுவர் மாண்டனர். அது தீர்ந்து, மறு கூட்டை மாற்ற முயன்ற அந்தச் சில விநாடிகளிலேதான் அருகிலிருந்த சாதாரண மக்கள் அவனை வீழ்த்திப் பிடித்தனர். தோட்டாக்கூட்டின் கொள்ளளவு என்பது வெறும் எண்ணன்று. கொலைஞனுக்கும் அவனைத் தடுக்க முனையும் மனிதர்க்கும் இடையே எஞ்சும் கால இடைவெளி அது. பட்டியலிலே பெரிய கூட்டை ‘வசதி’ என விவரிக்கின்றனர். குறிப்பலகையைச் சுடுபவனுக்கு மறுகூடு மாற்றும் சிரமம் மிச்சமாவது உண்மை. அந்தச் சிறு வசதியையும் டூசானில் கிடைத்த அச்சில விநாடிகளையும் ஒரே தராசில் வைக்கும்போது நாம் நடுநிலை வகிக்க முடியுமா?

இனி இவ்வாதத்தின் உச்சத்துக்கு வருவோம். அமெரிக்கச் சட்டத்தின்படி விசையின் ஓர் இயக்கத்தால் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களைத் தானாகவே வெளிவிடுவது இயந்திரத் துப்பாக்கி. 1986 இலிருந்து அத்தகைய புதிய துப்பாக்கியைப் பொதுமக்கள் வாங்கவியலாது. இத்தடையைச் சுற்றிச் செல்வதற்கு ஒரு துணைக்கருவி தோன்றிற்று. துப்பாக்கியின் வழமையான சோங்கை நீக்கிவிட்டு, முன்னும் பின்னும் வழுக்கி நகரும் சோங்கொன்றைப் பொருத்துவர். சுட்டதும் எழும் எதிருதைப்பு துப்பாக்கியைப் பின்னே தள்ளும்; சுடுபவனின் முன்கை அதனை முன்னே அழுத்தும்; அசையாதிருக்கும் விரலில் விசை மீண்டும் மீண்டும் வந்து மோதும். விரலும் விசையும் ஒவ்வொரு முறையும் பிரிந்து சேர்வதால் ஏட்டளவில் அது இயந்திரத் துப்பாக்கி அன்று. கையியக்கம் குறைந்த மாற்றுத்திறனாளர்க்கு உதவவே இது ஆக்கப்பட்டது என உற்பத்தியாளர் கூறினர்; அரசின் உரிய திணைக்களமும் 2010 இல் இதற்குத் தடையில்லை எனக் கடிதம் வழங்கிற்று.

2017 ஒக்டோபர் 1 ஆந் திகதி இரவு லாஸ் வேகாஸ் நகரில், விடுதியொன்றின் 32 ஆவது மாடியிலிருந்து ஒருவன் கீழே இசைவிழாவிற் கூடியிருந்த பெருந்திரள்மீது இக்கருவி பூட்டிய துப்பாக்கிகளாற் சுட்டான். ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தன. அன்று 58 பேர் மாண்டனர். காயங்களாற் பின்னர் இறந்தோரையும் சேர்த்தால் 60 பேர். சன்னம் பட்டு உயிர் தப்பியோர் நானூற்றுவருக்கும் அதிகம். அதன் பின்னரே, 2018 டிசம்பரில், இக்கருவி இயந்திரத் துப்பாக்கியின் வகையைச் சேர்ந்தது என அரசு விதி செய்தது. அதற்குள் விற்பனையானவை 280,000 முதல் 520,000 வரை இருக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு. 2024 ஜூன் 14 ஆந் திகதி அந்நாட்டின் உயர் நீதிமன்றம், அறுவருக்கு மூவர் என்ற பெரும்பான்மையால், அவ்விதி சட்டத்தின் சொற்களுக்கு அப்பாற்பட்டது எனத் தள்ளிற்று.

நீதிமன்றத்தை வசைபாடுவது எமது நோக்கமன்று. சட்டத்தின் சொல் இன்னதைத்தான் கூறுகிறது, மாற்றவேண்டுமாயின் சட்டமன்றம் மாற்றட்டும் என்பதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் சட்டப் பொருளும் அறப் பொருளும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை இத்தீர்ப்பு துலக்குகின்றது. சட்டம் விசையின் அசைவை ஆராய்ந்தது. அறமோ விளைவை ஆராய வேண்டும். அக்கருவியின் தனிச்சிறப்பு யாது? தடை செய்யப்பட்ட ஒன்றின் விளைவை, தடையின் சொற்களைத் தொடாமல் தருவதே. அந்த வேகத்தை வேண்டாத ஒருவனுக்கு அக்கருவியால் ஒரு பயனும் இல்லை. இங்கே தீய பயன் என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றன்று, வடிவத்திலேயே தீட்டப்பட்டிருந்தது. கத்தி உவமை இவ்விடத்தில் முற்றாக முறிகின்றது.

கருவி தன்னை ஏந்துபவனையும் மாற்றுகின்றது. இதற்கு நாம் அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், இலங்கையில் தாம் ஆடிய வேட்டையைப் பற்றி 1850களில் ஒரு நூல் வெளியிட்டார். 21 இறாத்தல் நிறையுள்ள துப்பாக்கியைத் தமக்கென விசேடமாகச் செய்வித்தவர் அவர். எக்குழல் எவ்வளவு மருந்தைத் தாங்கும், எச்சன்னம் எவ்வளவு ஊடுருவும் என்பவற்றை ஒரு கலைஞனின் ஈடுபாட்டோடு ஆராய்ந்தவர். அவருக்கு முன்னர் வாழ்ந்த இராணுவ அதிகாரி மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேற் கொன்றார் எனப்படுகின்றது. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அந்நாளில் யானையைக் கொல்வோர்க்கு அரசே சன்மானம் வழங்கிற்று. 1848 க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என எமர்சன் ரெனென்ற் பதிவு செய்துள்ளார்.

இம்மனிதர்கள் அரக்கர்கள் அல்லர். பேக்கர் கல்விமான், துணிவுள்ள பயணி. ஆனால் கருவியின் நுட்பத்தில் மனம் லயித்தபோது யானை அவர்களுக்கு உயிராகத் தோன்றவில்லை. கருவியின் தரத்தை நிறுவும் சான்றாகவே தோன்றிற்று. திறமை தன்னளவில் இன்பம் தருவது. அவ்வின்பம் விளைவினின்றும் பிரிந்து தனித்து நிற்கத் தொடங்கும்போதே அறத்தின் கண் மங்கத் தொடங்குகின்றது. காட்டை அழித்துக் கோப்பி பயிரிடும் முதலாளிகளுக்கு யானையில்லாத மலைகள் தேவைப்பட்டன என்பதையும் இங்கே மறத்தல் ஆகாது. தனிமனிதனின் ஆர்வமும் வர்க்கத்தின் நலனும் ஒரே குழலினூடாகவே வெளிப்பட்டன.

இன்றைய துணைக்கருவிச் சந்தைக்கும் பொருளியற் காரணம் உண்டு. நன்கு பேணப்பட்ட துப்பாக்கி தந்தையிடமிருந்து மகனுக்கும் பேரனுக்கும் செல்லும். ஆகவே துப்பாக்கியை மட்டும் விற்றால் வாங்குவோர் ஒருநாள் தீர்ந்துபோவர். சேர்த்துப் பூட்டும் பொருள்களுக்கோ முடிவில்லை. 1995 இல் அமெரிக்க இராணுவம் துப்பாக்கியின் மேற்பரப்பில் அமையும் பல்வரிசைத் தண்டவாளத்துக்கு ஒரு பொது அளவுத் திட்டத்தை வகுத்தது. நியூ ஜேர்சியிலுள்ள படைக்கலச் சாலையொன்றின் பெயரால் அதனைப் ‘பிக்கற்றினி’ என்பர். எந்தக் கண்ணாடியையும் விளக்கையும் பிடியையும் எவரும் பூட்டலாம் என்ற நிலை படைவீரனுக்கென வந்து, சந்தைக்குப் பரவிற்று. துப்பாக்கி ஒருபோதும் நிறைவுறாத பொருளாயிற்று.

நிறைவுறாத பொருளை விற்பதற்கு நிறைவுறாத மனிதன் வேண்டும். புஷ்மாஸ்டர் என்னும் பெயரில் விற்கப்பட்ட துப்பாக்கி ஒன்றின் விளம்பரம், அதனை வாங்கியவனுக்கு ஆண்மைச் சான்றிதழ் மறுபடியும் கிடைத்துவிட்டதாகப் பேசிற்று. 2012 டிசம்பர் 14 ஆந் திகதி கொனெற்றிக்கட் மாநிலத்தின் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 குழந்தைகளும் ஆசிரியரும் ஊழியருமாகிய அறுவரும் அவ்வகைத் துப்பாக்கியாற் கொல்லப்பட்டனர். ஐந்து நிமிடத்துக்குள் 154 தோட்டாக்கள். துப்பாக்கிக் கைத்தொழிலை வழக்குகளிலிருந்து காக்க 2005 இலேயே சட்டம் இருந்தது. எனினும் ஒன்பது குடும்பங்கள் விளம்பரத்தின் தன்மையையே குற்றஞ்சாட்டி வழக்கை நடத்தின. 2022 பெப்ரவரியில் றெமிங்ரன் கம்பனியின் காப்புறுதியாளர் 73 மில்லியன் டொலர் கொடுக்க உடன்பட்டனர்.

அக்கம்பனியின் பிற்கால வரலாறும் எமது வாசகர் அறியத்தக்கது. 2007 இல் நிதி மூலதன நிறுவனமொன்று அதனை வாங்கிற்று. 2018 இலும் 2020 இலும் அது வங்குரோத்தானது. 1816 இல் தொடங்கிய தொழில் எனப் பெருமை பேசப்பட்ட நியூ யோர்க் மாநிலத்து இலியன் நகரத் தொழிற்சாலை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் குழல் கடைந்த தொழிலாளர் வீதிக்கு வந்தனர். ‘ஆண்மை’யை விற்றவர்கள், அதனைத் தம் கையாற் கடைந்தவர்க்கு வேலையைத்தானும் உறுதி செய்யவில்லை.

படத்தின் மறுபுறத்தையும் மறைக்கக் கூடாது. 1937 இல் இயற்றப்பட்ட சட்டப்படி அங்கே நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் நூற்றுக்கு 11 வீதமும் கைத்துப்பாக்கிக்கு 10 வீதமும் அறவிடப்படும் வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கின்றது. வேட்டைக்காரரின் பணத்தால் காடுகள் மீண்டதுண்டு. இதனால் நாம் அறியக்கூடியது யாதெனில், சமூகம் விரும்பினால் பொழுதுபோக்கின் சமூகச் செலவை அப்பொழுதுபோக்கினரிடமே பெறலாம் என்பதாம். மானுக்குச் செய்த நீதியை மனிதக் குழந்தைக்குச் செய்யத் தடையாயிருப்பது இயலாமையன்று, இலாபம்.

அவ்வாறாயின் மாணவரின் மாமன் குற்றவாளியா? எம்மை வருத்திய வினா இதுவே. வாழ்நாளில் எவரையும் துன்புறுத்தாத ஒருவரைக் கொலைஞரோடு சேர்த்துப் பேசுவது அநீதி. ஜேர்மானிய மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ், தம் நாடு இழைத்த கொடுமைகளை முன்வைத்து 1946 இல் எழுதுகையில், குற்றத்தை நால்வகையாகப் பிரித்தார்; சட்டக் குற்றம் வேறு, ஒரு நாட்டின் குடிமகனாயிருப்பதால் ஏற்கவேண்டிய அரசியற் பொறுப்பு வேறு என்றார். இப்பாகுபாடு எமக்கு உதவுகின்றது. மாமனிடம் சட்டக் குற்றம் எதுவும் இல்லை. ஆயினும் அவர் கொடுக்கும் ஒவ்வொரு டொலரும் ஒரு சந்தையை நிலைநிறுத்துகின்றது; அச்சந்தையின் வலு சட்டமன்றத்தில் பேசுகின்றது. அவர் குற்றமற்றவர், பொறுப்பற்றவர் அல்லர். குற்றமின்மையையும் பொறுப்பின்மையையும் ஒன்றெனக் காட்டுவதே அவ்விலைப்பட்டியலின் வேலை.

இது மேலைநாட்டார் மட்டும் கண்ட கருத்துமன்று. இல்லறத்தார் ஈடுபடலாகாத வாணிகங்கள் ஐந்து எனப் பௌத்தம் வகுத்தது. அவற்றுள் முதலில் வைத்து எண்ணப்படுவது படைக்கல வாணிகம். கொல்லுதலை விலக்கும் ஒழுக்கத்தை வேறாக வகுத்துவிட்டு, விற்றலையும் தனியே எடுத்து விலக்கியமை கூர்ந்து நோக்கத்தக்கது. “நான் விற்றேன், அவனன்றோ கொன்றான்” என்னும் வாதத்தை அப்பழைய சிந்தனையாளர் இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே கேட்டிருக்க வேண்டும்.

பொறுப்பை ஏற்பது எவ்வாறு என்பதற்கும் உதாரணம் உண்டு. 2019 மார்ச் 15 ஆந் திகதி நியூசீலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். ஒரு மாதத்துக்குள் அந்நாடு சட்டத்தை மாற்றி, பாதித் தானியங்கித் துப்பாக்கிகளிற் பெரும்பாலானவற்றோடு பெரிய தோட்டாக்கூடுகளையும் துணைப் பாகங்களையும் தடைசெய்து, இழப்பீடு கொடுத்து மீளப் பெற்றது. 56,000 க்கு மேற்பட்ட துப்பாக்கிகள் சேர்ந்தன. பாகங்களின் தொகையோ அதன் மும்மடங்கையும் கடந்தது. ஒப்படைத்தவருட் பலர் ஒரு குற்றமும் செய்யாத உழவரும் வேட்டைக்காரரும் குறிசுடும் ஆர்வலருமே. அவர்களிற் சிலர் முணுமுணுத்தனர். ஆயினும் வரிசையில் நின்று கொடுத்தனர்.

தவணை தொடங்கிய முதல்நாளே அம்மாணவரை அழைத்துப் பட்டியல் நூலைத் திருப்பிக் கொடுத்தோம். “தம்பி, உமது மாமா நல்லவர் என்பதிலே எமக்கு ஐயமில்லை. இதிலுள்ள பொருள்களை நீரே மூன்றாகப் பிரியும். வாங்குபவரை மட்டும் காப்பவை எவை? பிறருக்கும் ஆபத்தைக் கூட்டுபவை எவை? சட்டத்தை ஏமாற்றுவதற்கென்றே செய்தவை எவை?” என்றோம்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என இலக்கமிட்டிருந்தார். செவிக்காப்புக்கு ஒன்று. நீண்ட தோட்டாக்கூட்டுக்கு இரண்டு. சில இடங்களில் இலக்கமிட்டு அழித்து மீண்டும் இட்டிருந்தார். ஒலியடக்கியின் அருகே கேள்விக்குறி மட்டுமே இருந்தது. “மாமாவுக்கு இதை அனுப்பலாமோ, சேர்? கோவிப்பாரோ?” என்று கேட்டார். அனுப்பும்படியே கூறினோம். கோபித்தாலும் அவர் அந்தப் பக்கங்களை இனிப் புரட்டும்போது அவ்விலக்கங்களையும் சேர்த்தே பார்ப்பார்.